எழுத்து தெரியவில்லை: கம்ப்யூட்டர் திரையில் எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

"எழுத்தே தெரியலங்க, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடுகிறவர்களிடம் போனிலேயே ஒன்றைக் கேட்டுவிடுவேன். திரை முழுக்கத் தெரியவில்லையா, ஒரு செயலியில் மட்டுமா, இல்லை தமிழ் மட்டும்தானா? இந்தப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கேட்காமல் கை வைத்தால் நன்றாக இருந்ததெல்லாம் பெரிதாகிவிடும், சிறியதாக இருந்தது அப்படியே கிடக்கும்.

கீழே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். பத்துக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் நான் போகிற வீடுகளில் பலவற்றில் அதுதான் ஓடுகிறது. மெனுவின் பெயர் மாறும் இடங்களில் இரண்டையும் சொல்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காசு செலவில்லாத வழி முதலில் வரும், பர்ஸைத் திறக்க வைப்பது கடைசியில்.

அதற்கு முன்னால் ஒன்று மட்டும். எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனை, அதாவது திரையில் காட்டும் பிக்சல் என்ற நுண்புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைக்காதீர்கள். நான் போய்ப் பார்க்கும் கம்ப்யூட்டர்களில் அடிக்கடி காண்பது இதைத்தான்: பக்கத்து வீட்டுப் பையனோ கடைப் பையனோ 1920×1080ஐ 1280×720 ஆக்கிவிட்டுப் போயிருப்பான். எழுத்து பெரிதாகும், உண்மைதான். கூடவே ஓரமெல்லாம் கரைந்து, இரண்டு மணி நேரத்தில் கண் வலிக்க ஆரம்பிக்கும். பெரிய எழுத்துக்கு வழி ஸ்கேல் (எல்லாவற்றையும் எத்தனை சதவீதம் பெரிதாகக் காட்டுவது என்ற அமைப்பு), ரெசல்யூஷன் அல்ல.

## திரை முழுக்க எல்லாமே சிறியது

செட்டிங்ஸைத் திறக்க விண்டோஸ் கீயும் ஐ எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். சிஸ்டம், அதற்குள் டிஸ்ப்ளே. அங்கே இரண்டு வரிகளைப் பாருங்கள்.

முதலில் ரெசல்யூஷன். பக்கத்தில் 'ரெக்கமெண்டட்' என்று இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வரியைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து இன்னும் சிறியதாகப் போகுமே என்று பயப்பட வேண்டாம், அடுத்த வரி அதற்காகத்தான்.

அடுத்து ஸ்கேல். 100% என்று இருந்தால் 125% வைத்துப் பாருங்கள். உடனே மாறும், பிடிக்கவில்லையென்றால் உடனே திருப்பிவிடலாம். என் கணக்கு இப்படி: 24 அங்குல ஃபுல் எச்டி (1920×1080) மானிட்டரில் இளவயதுக்காரருக்கு 100% போதும், ஐம்பதைத் தாண்டியவருக்கு 125%. 15.6 அங்குல லேப்டாப்பில் அதே ஃபுல் எச்டி என்றால் யாருக்கும் 125%க்குக் கீழே போகமாட்டேன். அங்கே ஒரு அங்குலத்துக்கு 141 புள்ளி நெருங்கி நிற்கிறது, 24 அங்குலத்தில் 92தான். 27 அங்குல 4கே (3840×2160) வாங்கியவர் 150%இல் தொடங்கட்டும்.

இது போதுமா? போதுமென்றால் ஒருமுறை சைன் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். பழைய மென்பொருள்கள் சில, புது ஸ்கேலை அப்போதுதான் ஏற்றுக்கொள்ளும்.

படங்கள், பொத்தான்களின் அளவு சரியாக இருக்கிறது, எழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றால் அதற்குத் தனி இடம் உண்டு. பதினொன்றில் அக்சசிபிலிட்டி, டெக்ஸ்ட் சைஸ். பத்தில் ஈஸ் ஆஃப் ஆக்சஸ், டிஸ்ப்ளே. ஒரு நகர்த்திப் பட்டை 100இலிருந்து 225 வரை ஓடும். நகர்த்தியதோடு விட்டுவிடாமல் 'அப்ளை' அழுத்த வேண்டும். "மாத்தினேன், ஒண்ணும் ஆகலையே" என்று வரும் போன்களில் பெரும்பாலும் இந்த அப்ளைதான் மறந்திருக்கும். மெனு, தலைப்புகள், ஐகானுக்குக் கீழே உள்ள பெயர், சில செயலிகள் ஆகியவற்றுக்குத்தான் இது. வேர்டு கோப்புக்குள் இருக்கும் எழுத்தை இது தொடாது.

'கஸ்டம் ஸ்கேலிங்' என்று இன்னொரு பெட்டி இருக்கும். 100க்கும் 500க்கும் இடையில் எந்த எண்ணையும் போடலாம். 117, 132 என்றெல்லாம் போட்டுப் பார்க்கும் ஆசை வரும், போடாதீர்கள். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவருக்கு அது இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், பல செயலிகளில் எழுத்து ஒழுங்காக விழாது. பட்டியலில் உள்ள 125, 150, 175 போதும்.

இவ்வளவும் செய்தும் போதவில்லை, மானிட்டரோ பழைய 18.5 அங்குலம் என்றால் இனி செலவுதான். அப்போதும் திரையின் அளவைத்தான் பார்த்து வாங்க வேண்டும், ரெசல்யூஷனை அல்ல. 27 அங்குல ஃபுல் எச்டியைப் படம் பார்ப்பவர்கள் மட்டம் என்பார்கள். கணக்கு எழுதும் பெரியவருக்கு எதையும் மாற்றாமலே எழுத்து பெரிதாகத் தெரிவது அதில்தான்.

## பெரிதாக்கியதும் 'ஓகே' பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது

1366×768 திரையில் 150% வைத்தால் செயலிகளுக்கு மிஞ்சும் இடம் 911×512 மட்டுமே. ஒரு சின்னப் பெட்டி திறந்தால்கூட அதன் அடிப்பகுதி டாஸ்க்பாருக்குக் கீழே ஒளிந்துகொள்ளும்.

அவசரத்துக்கு என்டர் தட்டிப் பாருங்கள்; ஓகேதான் தயாராக நிற்கும் பொத்தான் என்றால் வேலை முடிந்தது. இல்லையா, ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி, வரும் மெனுவில் 'மூவ்' தேர்ந்தெடுத்து, மேல் அம்புக்குறியால் பெட்டியை மேலே தள்ளுங்கள். தலைப்பு திரைக்கு மேலே மறைந்துபோனாலும் பரவாயில்லை.

தினமும் இந்தத் தொல்லை என்றால் ஸ்கேலை 125%க்கு இறக்கிவிட்டு, டெக்ஸ்ட் சைஸ் பட்டையைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சின்னத் திரைக்கு இந்தக் கலவைதான் ஒத்துவருகிறது.

கஸ்டம் பெட்டியில் 350, 400 என்று போட்டுவிட்டு வெளியே வரத் தெரியாமல் நிற்பவர்களும் உண்டு. டிஸ்ப்ளே பக்கத்தில் ஸ்கேல் வரிக்குப் பக்கத்திலேயே கஸ்டம் ஸ்கேலிங்கை அணைத்து சைன் அவுட் செய்யும் இணைப்பு இருக்கும். மவுஸ் அங்கே எட்டவில்லையென்றால் டேப் கீயை அழுத்தி அழுத்திப் போய் என்டர் தட்டுங்கள்.

## நேற்று வரை சரி, இன்று திடீரென்று எல்லாம் மாறிவிட்டது

குழந்தைகள் இருக்கும் வீட்டில் அடிக்கடி வருகிற புகார். பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது.

பிரவுசர் பக்கம் மட்டும் பெரிதோ சிறிதோ ஆகியிருக்கிறதா? கன்ட்ரோல் கீ அழுத்தியிருக்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டிருக்கும். கன்ட்ரோலும் பூஜ்யமும் அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். கீபோர்டில் ஏதோ சிந்தி, கன்ட்ரோல் கீ ஒட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் இது திரும்பத் திரும்ப வரும். அந்தக் கீயை இரண்டு முறை தட்டிப் பாருங்கள். அப்படியும் போகவில்லையென்றால் கீபோர்டைத்தான் மாற்ற வேண்டும்.

டெஸ்க்டாப் ஐகான்கள் மட்டும் தட்டு தட்டாகப் பெரிதாகிவிட்டனவா? அதே மவுஸ் சக்கரம்தான். காலி இடத்தில் வலது கிளிக், வியூ, மீடியம் ஐகான்ஸ்.

மவுஸை நகர்த்தினால் திரையே கூட நகர்கிறதா? மேக்னிஃபையர் ஓடுகிறது. விண்டோஸ் கீயும் கூட்டல் குறியும் தெரியாமல் சேர்ந்து அழுந்தியிருக்கும். விண்டோஸ் கீயும் எஸ்கேப்பும் அழுத்தினால் போய்விடும்.

மூன்றும் இல்லை, எல்லாமே பெரிதாகவும் மங்கலாகவும் இருக்கிறது, ரெசல்யூஷன் வரியில் 1024×768 போல ஏதோ இருக்கிறது, மாற்றவும் விடவில்லை என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் (திரைக்குப் படம் அனுப்பும் பாகத்தை இயக்கும் மென்பொருள்) போயிருக்கிறது. புதிதாக விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டரில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் வரியை விரித்துப் பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் சந்தேகமே இல்லை. இணையத்தை இணைத்து விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள். பல நேரம் அதுவே டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். வராவிட்டால் இன்டெல், ஏஎம்டி, என்விடியா எதுவோ அவர்கள் தளத்திலிருந்து இறக்குங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள் எதையும் போடாதீர்கள். சரியான டிரைவர் போட்டும் திரை கறுத்துக் கறுத்து வந்தால், கார்டையோ போர்டையோ பார்க்கத் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டிய நேரம்.

## எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் மங்கல்

முதல் கேள்வி: எல்லா இடத்திலும் மங்கலா, ஒரு மென்பொருளில் மட்டுமா?

எல்லா இடத்திலும் என்றால் ரெசல்யூஷன் 'ரெக்கமெண்டட்'தானா என்று மறுபடி பாருங்கள். சரியாக இருந்தால் மானிட்டருக்குப் பின்னால் கையை விடுங்கள். இரண்டு பக்கமும் திருகாணி வைத்த நீலத் தலைக் கேபிள் வந்தால் அது விஜிஏ. மானிட்டரின் 'ஆட்டோ' பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். திரை லேசாக ஆடி, நகர்ந்து நிற்கும். அதில் தெளிந்தால் அதோடு விட்டுவிடலாம். தெளியவில்லையென்றால் சில நூறு ரூபாயில் ஒரு எச்டிஎம்ஐ கேபிள், இரண்டு பக்கமும் அதற்கான துளை இருந்தால். மானிட்டரே மாற்றப் போகிறேன் என்று கிளம்பியவர்களை இந்தக் கேபிள் பலமுறை நிறுத்தியிருக்கிறது.

கேபிளும் சரியென்றால் ஸ்டார்ட் தேடலில் 'கிளியர்டைப்' (ClearType) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். வரும் கருவி சில மாதிரி எழுத்துகளைக் காட்டி எது தெளிவாக இருக்கிறது என்று கேட்கும். அந்தத் திரையைப் பயன்படுத்துகிறவரே உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். மகன் தேர்ந்தெடுத்தது அப்பா கண்ணுக்கு ஒத்துவராது.

டிவியை மானிட்டராக மாட்டியிருந்தால் கேள்வியே வேறு. டிவியின் மெனுவில் ஷார்ப்னஸைக் குறையுங்கள், பிக்சர் மோடில் பிசி அல்லது கேம் இருந்தால் அதை வையுங்கள். ஓரம் வெட்டுப்படுகிறது என்றால் ஆஸ்பெக்ட் வரியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்' போல ஒன்று இருக்கும்.

ஒரு மென்பொருளில் மட்டும் மங்கல் என்றால் பெரும்பாலும் அது பழைய பில்லிங் மென்பொருளாகவோ, வங்கிக்காகவோ வரித்தாக்கலுக்காகவோ போட்ட பழைய செயலியாகவோ இருக்கும். அதை மூடிவிட்டு, அதன் ஐகானில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கடைசியில் உள்ள 'ஓவர்ரைடு' (Override) கட்டத்தைக் குறியிட்டு, 'சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)' தேர்ந்தெடுங்கள். பழைய செயலிகளில் இது பெரும்பாலும் தெளிவு தரும். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால் 'சிஸ்டம்' என்பதற்கு மாற்றுங்கள். மங்கல் இருக்கும், ஆனால் வரி ஒழுங்காக நிற்கும். 'அப்ளிகேஷன்' வைத்தால் கூர்மையாக வரும், ஆனால் எறும்பு அளவில். மூன்றும் ஒத்துவரவில்லையென்றால் மென்பொருள் கொடுத்தவரிடம் புதுப் பதிப்பு கேட்பதைத் தவிர வழியில்லை. அதற்காக மொத்தத் திரையின் ஸ்கேலையும் 100%க்கு இறக்குவது தினமும் எட்டு மணி நேரம் பார்க்கிறவருக்குத் தண்டனை.

## பிரவுசரில் மட்டும் சிறியது

ஒரே தளம் என்றால் கன்ட்ரோலும் கூட்டல் குறியும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்தத் தளத்துக்கான அளவை நினைவில் வைத்துக்கொள்ளும். நாளைக்குத் திறந்தாலும் அப்படியே வரும்.

எல்லாத் தளமும் என்றால் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக்கொண்டிருக்க வேண்டாம். குரோமில் செட்டிங்ஸ், அப்பியரன்ஸ், பேஜ் ஜூம். 110 அல்லது 125 வைத்துவிடுங்கள். அதே இடத்தில் எழுத்துரு அமைப்புக்குள் 'மினிமம் ஃபான்ட் சைஸ்' என்று ஒன்று உண்டு. பக்கத்தின் வடிவம் குலையாமல், பொடி எழுத்தை மட்டும் தூக்கிவிடும். பெரியவர்களின் கம்ப்யூட்டரில் நான் முதலில் தொடுவது இதைத்தான், 14 வைத்தால் அடிக்குறிப்புகூடப் படிக்க வரும்.

எழுத்து போதுமான அளவு பெரிதாக இருந்தும் படிக்க முடியவில்லையென்றால் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வைக்கும் தளங்களை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் எஃப்9 தட்டுங்கள். கட்டுரைப் பக்கமாக இருந்தால் விளம்பரமெல்லாம் உதிர்ந்து எழுத்து மட்டும் நிற்கும், அளவும் நிறமும் உங்கள் கையில்.

## தமிழ் மட்டும் சிறியது அல்லது புள்ளி தெரியவில்லை

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்குப் போதும் என்று வைத்த அளவு தமிழுக்குப் போதாது. 'ண' மூன்று சுழி, 'ன' இரண்டு சுழி. சின்ன அளவில் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். 'கு', 'கூ' வேறுபாடு ஒரு சுழிப்பில் இருக்கிறது. மெல்லிய எழுத்துருவில் புள்ளி ஒரு பிக்சல்கூடப் பெறாமல் காணாமல் போகும்; 'கட்டு' 'கடடு' என்றும், 'பால்' 'பால' என்றும் தெரியும். சோதிக்க எளிய வழி: நோட்பேடில் 'கண்ணன் எண்ணெய்க்கூண்டு' என்று அடித்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் தூரத்தில் இருந்து ஒவ்வொரு புள்ளியையும் எண்ண முடிகிறதா என்று பாருங்கள். முடியும் வரை கன்ட்ரோல், கூட்டல். அந்த அளவுதான் உங்கள் தமிழ் அளவு.

அளவை ஏற்றுவதற்கு முன் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். விண்டோஸில் தமிழுக்கு இப்போது வழக்கமாக வருவது நிர்மலா. லதாவும் விஜயாவும் வேண்டுமென்றால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் தமிழ் கூடுதல் எழுத்துருக்கள் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். விஜயா அச்சில் அழகு. ஆனால் அதே 11 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவில் மற்றவற்றைவிடப் பொடியாகத் தெரியும். திரைக்கு வேண்டுமானால் இரண்டு மூன்று புள்ளி கூட்டுங்கள். திரையில் படிக்க மட்டும் என்றால் நிர்மலாவோ, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழோ போதும்.

வேர்டிலோ லிப்ரே ஆபிஸிலோ ஒரே வரியில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் சிறிதாகவும் நிற்கிறதா? அளவை மாற்றினால் ஆங்கிலம் மட்டும் வளர்கிறதா? காரணம் இரண்டுக்கும் தனித்தனி அளவு வைத்திருப்பது. வேர்டில் கன்ட்ரோலும் டி எழுத்தும் அழுத்தி எழுத்துருப் பெட்டியைத் திறந்தால் கீழே 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று இன்னொரு வரிசை இருக்கும். தமிழின் அளவு அங்கே. லிப்ரே ஆபிஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸுக்குள் மொழிப் பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' குறியிட்டிருக்க வேண்டும். அதன்பின் ரைட்டர் பகுதியில் 'பேசிக் ஃபான்ட்ஸ் (சிடிஎல்)' என்று ஒரு பக்கம் தோன்றும். அங்கே எழுத்துருவையும் அளவையும் ஒருமுறை வைத்துவிட்டால் புதிதாகத் திறக்கும் ஆவணங்களில் பிரச்சினை வராது. பழைய ஆவணத்தில் ஸ்டைலுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸில் தமிழுக்கு மட்டும் தனியாகக் குறைந்தபட்ச அளவு வைக்கலாம்: செட்டிங்ஸ், எழுத்துருக்கள், அட்வான்ஸ்டு, மேலே மொழிப் பட்டியலில் தமிழ். பக்கத்தைச் செய்தவர் 'இது தமிழ்' என்று குறித்திருந்தால்தான் இது வேலை செய்யும். குறிக்காத தளங்கள் ஏராளம் என்பதால் லத்தீனுக்கும் அதே எண்ணை வைத்துவிடுங்கள்.

தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாகத் தெரிந்தால் அது அளவுப் பிரச்சினையே இல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. அந்த எழுத்துருவை நிறுவுங்கள், அல்லது இப்போதைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

## திரையில் சரி, அச்சில் பெரிதாக வருகிறது

வேர்டில் ஜூம் வேறு, எழுத்தளவு வேறு. கண்ணுக்குத் தெரியவில்லை என்று 20 புள்ளியில் கடிதம் அடித்தால் 20 புள்ளியில்தான் அச்சாகும். எழுத்தை 12இல் வைத்துவிட்டு, வலது கீழ் மூலையில் உள்ள பட்டையை 150%க்குத் தள்ளுங்கள். அச்சு மாறாது.

## லினக்ஸ் என்றால்

மின்ட் சின்னமனில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஃபான்ட்ஸ், 'டெக்ஸ்ட் ஸ்கேலிங் ஃபேக்டர்', 1.2 நல்ல தொடக்கம். க்னோமில் அக்சசிபிலிட்டிக்குள் 'லார்ஜ் டெக்ஸ்ட்'.

## எதையும் மாற்ற விடவில்லை

அலுவலகக் கம்ப்யூட்டரில் சில அமைப்புகள் மங்கிப்போய், 'நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் முட்டி மோத வேண்டாம். ஐடி ஆளிடம் 'ஸ்கேல் 125%, குரோம் மினிமம் 14' என்று குறிப்பாகக் கேளுங்கள். "எழுத்து சின்னதா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அவர் ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டுப் போகும் ஆபத்து உண்டு.

## எவ்வளவு பெரிதாக்கினாலும் போதவில்லை

சில மாதங்களுக்கு முன் 125% போதுமாக இருந்து, இப்போது 150%உம் போதவில்லையென்றால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுக் கண்ணைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடி மற்றதால் ஒரு வரி படியுங்கள், அப்புறம் மாற்றிப் படியுங்கள். ஒரு கண்ணில் மட்டும் வரி வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் போங்கள்; அது கண்ணாடிக் கடையில் தீரும் விஷயமல்ல.

இரண்டு பார்வைக் கண்ணாடி போட்டவர் தாடையைத் தூக்கிக்கொண்டு திரையைப் பார்க்கிறாரா என்று பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். லென்ஸின் அடிப்பாகம் வழியாகத் திரையைத் தேடுகிறார் என்று அர்த்தம். மானிட்டருக்கு அடியில் வைத்திருக்கும் பலகையை எடுத்துவிட்டுத் திரையைக் கீழே இறக்குங்கள். அதற்குமேல் கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடி வேண்டுமென்றால், பரிசோதனைக்குப் போகும் முன் கண்ணிலிருந்து திரை வரை டேப்பால் அளந்து அந்த எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். படிக்கும் கண்ணாடிக்குக் கணக்கிடும் தூரம் அதைவிடக் குறைவு. நீங்கள் சொல்லாவிட்டால் அந்தத் தூரத்துக்கே லென்ஸ் போட்டுவிடுவார்கள்.